பாவனையும் உண்மைதான்

ஆள் அறியாமல் எடுத்த படமே உண்மை, காமெராவுக்கு முன் தயாராகி நின்றது வேஷம் என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது; வரலாறு அதற்குச் சாட்சி சொல்லவில்லை. இயல்பின் உச்சமாகப் போற்றப்படும் ‘புலம்பெயர்ந்த தாய்’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில் ஒரு தொழிலாளர் முகாமில் புகைப்படக் கலைஞர் டோரத்தியா லாங் அடுத்தடுத்து எடுத்த சில படங்களில் அது ஒன்று. ஓரத்தில் தெரிந்த கட்டைவிரல் பின்னர் நெகடிவில் மங்கலாக்கப்பட்டது. அந்தப் பெண்ணின் பெயரை லாங் கேட்கவில்லை. அவர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படம் எடுக்கப்படாமலே இருந்திருக்கலாம் என்று அவர் வருந்தினார். பட்டினி கிடந்த அந்த முகாமுக்கு அது உணவு கொண்டுவந்ததே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஊருக்கு உதவிய படம், அவரைப் புரிந்துகொண்ட படமாகிவிடாது.

இதற்கு மாறாக, மாலி நாட்டின் பமாகோவில் 1948இல் சேய்தூ கெய்த்தா என்ற புகைப்படக் கலைஞர் தொடங்கிய ஸ்டூடியோவைப் பாருங்கள். வந்தவர்களுக்கு அவர் கைக்கடிகாரம், ரேடியோ, கோட்டு எல்லாம் கொடுத்து நிற்கவைத்தார். இரவல் கடிகாரம் பொய்தானே என்பார்கள். கடிகாரம் இரவல், அதை அணிந்து நிமிர்ந்த தோள் இரவல் அல்ல. தன்னை எப்படிக் காட்ட விரும்புகிறார் என்பதும் ஒருவரைப் பற்றிய உண்மையே. அந்தப் படம் முதலில் போய்ச் சேர்ந்ததும் அதில் நின்றவர் கைக்குத்தான். உண்மையின் அளவுகோல் பாவனை இருந்ததா என்பதல்ல. படத்தில் இருப்பவரின் சம்மதம் இருந்ததா என்பதே.