எலிக்குப் பயந்து உரத்தொட்டியைக் கைவிடலாமா?

“தோட்டத்தில் உரத்தொட்டி வைத்தால் எலி வரும்; எதற்கு வம்பு, குப்பை வண்டியிலேயே போட்டுவிடலாம்” என்பவர்கள் நகரங்களில் அதிகம். மக்கும் குப்பையைத் தனியே பிரிக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. பிரித்ததை உரமாக்க நினைப்பவர்களையும் இந்தப் பயம் தடுக்கிறது. எலியைப் பற்றிச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. “தொட்டிதான் எலியை வரவழைக்கிறது.”
சாக்கடையிலும் கடைத்தெருவிலும் எலி ஏற்கெனவே இருக்கிறது. அது தேடுவது தீனியும் பதுங்க இடமும்தான். மிஞ்சிய சோறு, மீன் செதில், எண்ணெய்ப் பலகாரம் ஆகியவற்றைத் தொட்டியில் போடாதீர்கள். காய்கறித் தோலைப் போட்டதும் காய்ந்த சருகாலோ தென்னை நார்க்கழிவாலோ மூடுங்கள்; வாடை அடங்கும். காய்ந்து கிடக்கும் குவியலில் எலி கூடு கட்டும். ஈரப்பதம் குறையாமல் பார்த்து, அடிக்கடி கிளறிவிட்டால் அங்கே தங்காது.

2. “மூடி இறுக்கமாக இருந்தால் போதும்.”
போதாது. பெருச்சாளி மண்ணைத் தோண்டி அடியிலிருந்து வரும். மெல்லிய பிளாஸ்டிக்கைக் கடித்தே துளைக்கும். குட்டி எலி நுழைய அரை அங்குல ஓட்டை போதும். ஆகவே அடியிலும் காற்றுத் துளைகளிலும் கால் அங்குலக் கண் உள்ள இரும்புக் கம்பி வலையை அடிக்க வேண்டும். மண்புழு அதன் வழியே தாராளமாக வந்துபோகும்.

3. “விஷம் வைத்தால் தீர்ந்தது.”
தீனி இருக்கும்வரை, செத்த எலியின் இடத்துக்கு வேறு எலி வரும். புரோமடியோலோன் போன்ற மருந்து ரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள் கழித்தே கொல்லும். அதற்குள் அந்த எலியைத் தின்னும் ஆந்தைக்கும் பூனைக்கும் விஷம் ஏறலாம். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசையைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால் முறிமருந்தே கிடையாது. எலிப்பொறி இதைவிட நல்லது.

4. “எலிக்காய்ச்சல் வருமே?”
இந்தக் கவலை நியாயமானது. எலியின் சிறுநீரில் உள்ள கிருமி, தோலில் உள்ள காயம் வழியே உடலுக்குள் போகும். ஆனால் மழைக்காலத்தில் தெருவில் தேங்கும் தண்ணீரிலும் இதே ஆபத்து உண்டு. உரத்தைக் கையாளும்போது கையுறை போடுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எலி புகுந்த தொட்டியின் உரத்தைப் பூச்செடிகளுக்கு மட்டும் போடுங்கள்.

எனவே, தொட்டியைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஓட்டை இருந்தால் வலை அடியுங்கள். சோறு போடுவதை நிறுத்துங்கள். இவ்வளவும் செய்தபின் எலிக்குப் பயந்து உரம் தயாரிப்பதைக் கைவிட வேண்டியதில்லை.