வெயிலில் காண வேண்டிய கரை

கோடை பிறந்துவிட்டது. கொடைக்கானலுக்குப் பெட்டி கட்டுகிறார்கள். உதகைக்குச் சீட்டு வாங்குகிறார்கள். போய், மஞ்சிலே நனைந்து, மலரைக் கண்டு மகிழ்ந்து திரும்பட்டும். உழைத்துக் களைத்தவன் நாலு நாள் குளிர்காற்று வாங்கினால் யாருக்கு என்ன நட்டம்? அதைக் குறை கூறுவதல்ல நமது நோக்கம். ஆனால், வெயில் ஏற ஏறத்தான் வாழ்வு விரியும் கரை ஒன்றும் தமிழகத்தில் உண்டு, அங்கே வாருங்கள் என்றால் மட்டும், "தூத்துக்குடிக்கா? சித்திரையிலா? வெந்து போகவா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்களே, அந்தச் சிரிப்புக்குத்தான் விடையளிக்க விரும்புகிறோம்.

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்தே தொடங்குவோம். ஓட்டப்பிடாரத்தை அடுத்த சிற்றூர். அங்கே 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை நிற்கிறது. வருகிறவர்கள் அதைச் சுற்றிப் பார்க்கிறார்கள். சிலையருகே நின்று படம் எடுக்கிறார்கள். கட்டபொம்மன் கோட்டையைக் கண்டாயிற்று என்று வண்டியேறி விடுகிறார்கள். பக்கத்திலே மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் பழைய கோட்டையின் எச்சத்தைக் காண எத்தனை பேர் நடக்கிறார்கள்?

கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. கதை அத்துடன் முடிந்துவிட்டதென்று கும்பினியார் நினைத்தனர். முடிந்ததா? 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியேறினான்; இடிக்கப்பட்ட கோட்டை மீண்டும் எழுந்தது. கல்லால் அல்ல, மண்ணால்! மார்ச் 31இல் அதன்மீது பாய்ந்த கும்பினிப் படை தோற்றுத் திரும்பிற்று. மேலும் படை வந்தது, மேலும் பீரங்கி வந்தது. மே 24இல்தான் கோட்டை விழுந்தது. தேதிகளைப் பாருங்கள், தோழர்களே! பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி வரை. குடையில்லாமல் தெருவில் இறங்க நாம் தயங்குகிறோமே, அதே நாட்கள். அந்த வெயிலிலே, நிழலற்ற அந்தக் கரிசல் வெளியிலே, மண்சுவரை மட்டும் நம்பி நின்றார்கள். மார்கழிக் குளிரில் அந்த இடத்தைப் பார்ப்பவனுக்கு இந்தக் கணக்குப் புரியாது. கோட்டையை இடித்து உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று ஊரார் இன்றும் சொல்வார்கள். சித்திரைக் கடைசியில் சக்கதேவி கோயில் விழாவுக்கு ஊர் ஊராக இளைஞர்கள் சோதி ஏந்தி ஓடிவருவதையும் காணலாம். அங்கே மாண்ட வெள்ளைச் சிப்பாய்களின் கல்லறைகளும் அருகில் உண்டு.

ஓட்டப்பிடாரத்தில் சிதம்பரனார் பிறந்த இல்லம் இருக்கிறது. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தோள் கொடுத்தவர். கப்பலை நினைவில் வைத்திருக்கிறோம், ஆலையை மறந்துவிடுகிறோம். அதனாலேயே இதைக் குறிப்பிடுகிறோம்.

இனிக் கடலோரம். தருவைகுளம், வேப்பலோடை, முள்ளக்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் உப்பளம். நாட்டிலே குசராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது தமிழகத்தில். அதிலும் பெரும்பகுதி இந்த மாவட்டத்தில். உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலிலே காயவிட்டு, கடைசிப் பாத்தியில் பூத்த உப்பைப் பலகையால் வாரிக் கரை சேர்க்கிறார்கள். பெண்கள் அதைத் தலையில் சுமந்து அம்பாரமாகக் குவிக்கிறார்கள். மலைபோல் குவிந்த வெண்மை கண்ணைப் பறிக்கிறது என்று வேடிக்கை பார்க்க வந்தவர் வியப்பார். உண்மையாகவே பறிக்கிறது! நாள்தோறும் அந்த ஒளியைப் பார்த்துப் பார்த்துப் பார்வை மங்குகிறது. உவர்நீரில் நின்று நின்று கால் வெடிக்கிறது. விடியுமுன்னே வேலைக்கு வருவது ஆசையினாலா? வெயிலுக்கு அஞ்சித்தான். அந்த வெயிலே இல்லாவிட்டாலோ உப்பும் இல்லை, கூலியும் இல்லை. இப்படியொரு பகைவனை நண்பனாகக் கொண்ட தொழில் வேறு எது? ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் இவர்களைத்தான் எழுதினார். மழை மாதங்களில் வேலையற்றிருக்கும் இவர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்று தமிழக அரசு கொண்டுவந்ததை வரவேற்கிறோம். மழைக்கு வழி கண்டாயிற்று, வெயிலுக்கு?

இதே பருவம்தான் முத்துக்குளிப்புக்கும் உரியதாக இருந்தது. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் கொற்கையைக் குறிப்பிடுகிறது. குறிப்பிட்டு, அங்கே முத்துக்குளிக்க ஏவப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்றும் சொல்கிறது. பாண்டியன் முத்தின் புகழைப் பாடும்போது நமது மேடைகள் இந்த ஒரு வரியை விட்டுவிடுகின்றன, நமது பக்கங்களும்தான். பின்னாளில் பரதவர் கல்லைக் காலில் கட்டி, மூச்சை அடக்கி, முத்துப்பாரில் இறங்கினர். வெள்ளையர் காலத்துக் குளிப்பிலே சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. உயிரைப் பணயம் வைத்தவனுக்கு ஒரு பங்கு. 1961உடன் அந்தக் குளிப்பு நின்றது. 1973இல் தூத்துக்குடியிலேயே மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சியாளர்கள் சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினார்கள். சங்குக்காக மூழ்குகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கொற்கைக்குப் போனால் கடல் இராது, அது பின்வாங்கிவிட்டது. வயலும், வாழையும், பழமையான வன்னி மரமும் இருக்கும். துறைமுகம் எங்கே என்று தேடாமல், ஆறு கொண்டுவந்த மண்ணைப் பாருங்கள்.

தெற்கே செம்மணல் தேரி, அதன் ஓரத்தில் பனை. கோடைதான் பதநீர்க் காலம், நுங்குக் காலம். உடன்குடிக் கருப்பட்டியை விரும்பாதார் யார்? காலையும் மாலையும் மரமேறுகிறவரைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். மணப்பாட்டின் குன்றும் கோயிலும் கடலும் மாலையில் பேரழகு. திரும்பும்போது தூத்துக்குடி மக்ரூனும் வாங்கலாம். அதற்குமா காரணம் சொல்ல வேண்டும்?

சுற்றுலாத் துறையினரை ஒன்று கேட்கிறோம். கோட்டைக்கு வழிகாட்டும் பலகை வைத்தீர்கள், நல்லது. உப்பளத்து வரப்பிலே, பத்துப் பேர் உட்காரும் அளவில் ஒரு கூரை, ஒரு குடிநீர்த் தொட்டி, வாருகிறவர் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, காலுக்குக் காலணி. இவற்றைத் தொழிலாளர் துறையோடு கலந்துபேசி அளத்துக்காரர்களைச் செய்ய வைக்க உங்களால் ஆகாதா? பார்க்க வருகிறவர்களும் அந்தக் கூரையின்கீழ் ஒதுங்கிக் கொள்ளலாம். பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் ஒரு நாள் கூலி என்ன என்று கேட்டறியலாம். வைகாசி வருமுன் ஓர் அளத்திலேனும் அது எழட்டும்.