அடுத்த வருடம் பார்க்கலாம்

ஜெயிக்கிற அணிக்கு ரசிகராக இருப்பதற்குப் பெரிய தகுதி எதுவும் தேவையில்லை. தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியை, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு, பிள்ளையிடமிருந்து பேரனுக்கு என்று பூர்வீக வீடு மாதிரி கைமாற்றிக் காப்பாற்றி வருவது வேறு ரகம். அமெரிக்காவின் சிகாகோ நகரத்து கப்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் இந்த இரண்டாவது ரகம்.

1908இல் கப்ஸ் 'வேர்ல்டு சீரிஸ்' பட்டத்தை வென்றது. பெயரில்தான் உலகம், நடப்பது அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் இறுதிப் போட்டி. அதற்குப் பிறகு 1910 முதல் 1945 வரை ஏழு முறை இறுதிக் கட்டத்தை எட்டி, ஏழு முறையும் தோற்றது. 1945க்குப் பிறகு அந்த வாசற்படியைக்கூட மிதிக்க முடியவில்லை. காரணம் சொல்ல ஓர் ஆடு கிடைத்தது. அந்த வருட இறுதிப் போட்டிக்குத் தன் செல்ல ஆட்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி வந்தார் பில்லி சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர். ஆடு நாறுகிறது என்று வெளியேற்றிவிட்டார்கள். அவர் சாபமிட்டுவிட்டுப் போனார் என்பது கதை. மட்டமான பந்துவீச்சும் தவறான வீரர் தேர்வும் இருக்கும்போது சாபத்துக்கு வேலை இல்லைதான். ஆனால் தோல்விக்கு ஒரு கதை இருந்தால் தாங்கிக்கொள்வது கொஞ்சம் சுலபம்.

பேஸ்பால் கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஆனால் ஒரு விஷயத்தில் குணம் வேறு. ஒரு பருவத்துக்கு ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள். வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். ஆகவே ரசிகருக்கு இது வருடத்துக்கு ஒருமுறை வரும் தேர்த் திருவிழா அல்ல, தினசரி பூஜை. பூஜை என்றால் முறைகள் இருக்கும்.

கப்ஸின் கோயில் ரிக்லி ஃபீல்ட். 1914இல் கட்டப்பட்டது. சுற்றிலும் குடியிருப்புகள், எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்தே ஆட்டம் பார்க்கலாம். 1937இல் நட்ட கொடி இன்னும் செங்கல் சுவரை மூடிப் படர்கிறது. அதே வருடத்திய ஸ்கோர் பலகையில் இன்றும் ஆட்கள் உள்ளே நின்று கையால்தான் எண்களை மாற்றுகிறார்கள். ஆட்டம் முடிந்ததும் அதன் உச்சியில் கொடி ஏறும். ஜெயித்தால் வெள்ளைக் கொடியில் நீல 'டபிள்யூ'. தோற்றால் நீலக் கொடியில் வெள்ளை 'எல்'. பக்கத்தில் மேம்பாலத்தில் ஓடும் ரயிலில் வீடு திரும்புகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து முடிவைத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்கான ஏற்பாடு இது.

உள்ளே வரும் பழைய ரசிகர் முதலில் ஸ்கோர் அட்டையும் பென்சிலும் வாங்குவார். ஒவ்வொரு ஆட்டக்காரரும் என்ன செய்தார் என்று சின்னச் சின்னக் கட்டங்களில் குறித்துக்கொண்டே வருவார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்தக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுப்பதுதான் உபதேசம். எதிரணி அடிக்கும் ஹோம் ரன் பந்து கூட்டத்தில் விழுந்தால், மற்ற ஊர்களில் அதைப் பொக்கிஷமாக வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். இங்கே எடுத்தவர் மைதானத்துக்குள் திருப்பி வீசியாக வேண்டும். வீசும்வரை சுற்றியிருப்பவர்கள் விடமாட்டார்கள். ஏழாவது இன்னிங்ஸின் நடுவில் எல்லோரும் எழுந்து நின்று ஒரு பழைய பேஸ்பால் பாட்டைப் பாடுவார்கள். அதை இங்கே சடங்காக்கியவர் வர்ணனையாளர் ஹாரி கேரி. சுருதிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அதனாலேயே எல்லோருக்கும் கூடச் சேர்ந்து பாடத் தைரியம் வந்தது. அவர் 1998இல் இறந்த பிறகு விருந்தினர்கள் வந்து பாடுகிறார்கள். அந்தப் பாட்டு எழுதப்பட்ட வருடமும் 1908தான்.

இன்னொரு விசித்திரம், இங்கே பல காலம் பகலில் மட்டுமே ஆட்டம். விளக்குக் கம்பங்களுக்கான சாமான்கள் 1941இல் தயாராக இருந்தன. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் அவை போர்த் தேவைக்குக் கொடுக்கப்பட்டன. அதன்பின் 1988 ஆகஸ்ட் 8 அன்றுதான் விளக்கு எரிந்தது. அன்றைய ஆட்டம் மழையால் பாதியில் நின்றது. சகுனம் பார்ப்பவர்களுக்கு அது போதும். பகல் ஆட்டத்துக்கு ஒரு பலன் இருந்தது. 1978 முதல் சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியே நாடு முழுவதும் கேபிளில் போயிற்று. பள்ளி விட்டு வரும் பிள்ளையும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற தாத்தாவும் வீட்டில் இருக்கும் அந்தப் பிற்பகல் வேளையில் திரையில் கப்ஸ் தோற்றுக்கொண்டிருக்கும். எத்தனையோ வீடுகளில் பக்தி பரவியது இப்படித்தான்.

இதில் பரிதாபமான பக்தர் ஸ்டீவ் குட்மன். சிகாகோவின் நாட்டுப்புறப் பாடகர், கப்ஸ் பைத்தியம், இளம் வயதிலேயே ரத்தப் புற்றுநோய் பிடித்துக்கொண்டது. சாகக் கிடக்கும் ஒரு கப்ஸ் ரசிகனின் கடைசி ஆசை பற்றிக் கிண்டலாக ஒரு பாட்டு எழுதினார். பிறகு 1984இல், அணிக்காக உற்சாகமான இன்னொரு பாட்டு. அந்த வருடம் அதிசயமாக கப்ஸ் ஜெயித்துக்கொண்டே வந்தது. செப்டம்பர் 20 அன்று குட்மன் இறந்தார், வயது 36. நான்கு நாள் கழித்து, 39 வருடங்களில் முதல் முறையாக, கப்ஸ் அடுத்த சுற்றுக்குத் தேர்வானது. அவருடைய அஸ்தியில் ஒரு பகுதி ரிக்லி ஃபீல்டிலேயே தூவப்பட்டது. இப்போதும் கப்ஸ் சொந்த மண்ணில் ஜெயித்தால் கூட்டம் கலையுமுன் அவர் பாட்டைத்தான் பாடுகிறது.

பக்தி முற்றினால் பழி தேடும் என்பதற்கும் இங்கே சாட்சி உண்டு. 2003 அக்டோபர் 14. இறுதிப் போட்டிக்குப் போக இன்னும் ஐந்தே அவுட். கப்ஸ் 3-0 என்று முன்னிலை. எல்லைக்கோட்டுக்கு வெளியே உயர்ந்த ஒரு பந்தைப் பிடிக்க, பார்வையாளர் வரிசையில் பல கைகள் நீண்டன. பந்து பட்டது ஒரு இளைஞரின் கையில். பிடிக்க ஓடிவந்த கப்ஸ் வீரருக்குக் கிடைக்கவில்லை. அதே இன்னிங்ஸில் எதிரணியான ஃப்ளோரிடா எட்டு ரன் குவித்தது. அந்த எட்டு ரன்னையும் விட்டுக்கொடுத்தவர்கள் மைதானத்தில் இருந்தார்கள். ஆனால் கூட்டத்தின் கோபம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த அந்த ரசிகர் மேல் பாய்ந்தது. காவலர்கள் சூழ அவரை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. அதன் பிறகு அவர் வெளிச்சத்துக்கே வரவில்லை. அவரும் அதே பூஜைக்கு வந்தவர்தான் என்பதை ஒரு நகரமே மறந்துபோனது.

2016இல் ஒருவழியாகக் கதவு திறந்தது. நவம்பர் 2, கிளீவ்லாண்ட் நகரில் ஏழாவதும் கடைசியுமான ஆட்டம். எட்டாவது இன்னிங்ஸில் 6-3 என்று இருந்த முன்னிலை கரைந்து 6-6 ஆனது. ஒன்பது இன்னிங்ஸ் முடிந்ததும் 17 நிமிடம் மழை. பத்தாவது இன்னிங்ஸில் 8-7 என்று கப்ஸ் வென்றது.

அந்த நாட்களில் ரிக்லி ஃபீல்டின் வெளிச்சுவரில் நடந்ததுதான் இந்த 108 வருடக் கதையின் சாரம். ரசிகர்கள் சாக்பீஸ் கொண்டுவந்து செங்கல் மேல் எழுத ஆரம்பித்தார்கள். வெற்றி முழக்கங்களோடு பெயர்களும் இருந்தன. அப்பா, பாட்டி, தாத்தா, அண்ணன். பார்க்காமல் போனவர்களின் பெயர்கள். கைக்கு எட்டும் உயரம் நிரம்பியதும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி எழுதினார்கள். 19 பருவங்கள் கப்ஸுக்காகவே ஆடி, ஒரு முறைகூட இறுதிப் போட்டியைத் தொடாத எர்னி பாங்க்ஸ் 2015 ஜனவரியில் இறந்திருந்தார். நீரிழிவில் இரண்டு கால்களையும் இழந்த பிறகும் வானொலி வர்ணனையைக் கைவிடாத முன்னாள் வீரர் ரான் சான்டோ 2010இல் இறந்திருந்தார். நட்சத்திரங்களுக்கும் சாதாரண ரசிகர்களுக்கும் இந்த விஷயத்தில் பேதமில்லை. எல்லோரும் ஒரே வரிசையில் காத்திருந்தவர்கள்தான்.

கோப்பை வந்த நிமிடத்தில் கையில் சாக்பீஸோடு அழுதவர்களைப் பார்த்தால், அவர்கள் இத்தனை வருடம் விசுவாசமாக இருந்தது கோப்பைக்கு மட்டும் இல்லை என்று புரிகிறது. ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்த கை, வானொலிக்கு முன்னால் இருந்த நாற்காலி, தோற்ற மாலைகளில் சேர்ந்து சலித்துக்கொண்ட குரல் ஆகியவற்றை விட்டுவிட மனமில்லாமல்தான் ஏப்ரல்தோறும் திரும்பி வந்தார்கள். அணியை மாற்றுவது சுலபம். அப்பாவை மாற்ற முடியாது.

2017இல் கப்ஸ் நிர்வாகம் அந்த ஹெட்போன் இளைஞருக்கும் ஒரு வெற்றி மோதிரம் கொடுத்தது. தாமதமான பிராயச்சித்தம். அதே வருடம் அணி லாஸ் ஏஞ்சலிஸிடம் தோற்று இறுதிப் போட்டிக்கு முன்பே வெளியேறியது.

சிகாகோ கொண்டாடிய அந்த நவம்பர் இரவில், கிளீவ்லாண்ட் மைதானத்திலிருந்தும் ஒரு கூட்டம் மழையில் நனைந்தபடி வீடு திரும்பியது. அவர்களுடைய அணி கடைசியாகப் பட்டம் வென்றது 1948இல். 68 வருடக் காத்திருப்பு. அவர்கள் வீட்டிலும் தாத்தாக்கள் இருப்பார்கள், பேரன்கள் இருப்பார்கள். சொல்லிக்கொள்ள அவர்களிடமும் அதே ஒரு வாக்கியம்தான்: அடுத்த வருடம் பார்க்கலாம்.