டிக்கெட் வாங்குபவரே முதலாளி!

கள்ளக்குறிச்சிக்காரர் கடலைப் பார்க்க வேண்டும் என்றால் கடலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். மேற்கே திரும்பினால் கல்வராயன் மலை. அங்கே கோமுகி அணை உண்டு, பெரியார் அருவி உண்டு, மேகம் அருவி உண்டு. திமிங்கலம்தான் இல்லை! அப்படிப்பட்ட ஊரில் திமிங்கலக் காட்சியைப் பற்றி எதற்குப் பேச வேண்டும் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது நண்பர்களே. இது டிக்கெட் வாங்குபவரின் கதையும்கூட.

ஓர்காவைக் 'கொலைகாரத் திமிங்கலம்' என்பார்கள். உண்மையில் அது டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கு. ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கு மேல் நீந்தக்கூடியது. அதாவது கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் போவதைவிட அதிக தூரம். அதைப் பிடித்து ஒரு தொட்டியில் விட்டு, குதித்தால் மீன் கொடுத்துப் பழக்கினார்கள். 1965ல் அமெரிக்காவின் சான் டியாகோ சீ வேர்ல்டுக்கு 'ஷாமு' என்ற ஓர்கா வந்தது. கூட்டம் அலைமோதியது. 1971ல் ஷாமு இறந்துவிட்டது. ஆனால் பெயர் சாகவில்லை! அடுத்தடுத்து வந்த ஓர்காக்களும் அதே பெயரில் மேடையேறின. வணிகவியல் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். விலங்கு செத்தாலும் பிராண்டு சாகக் கூடாது.

1983ல் ஐஸ்லாந்து கடலில் குட்டியாகப் பிடிக்கப்பட்டது திலிகும். 1991ல் கனடாவில் ஒரு பயிற்சியாளரின் சாவிலும், 2010ல் ஆர்லாண்டோவில் டான் பிராஞ்சோ என்ற பயிற்சியாளரின் சாவிலும் அதற்குப் பங்கு இருந்தது. கடலில் திரியும் ஓர்கா மனிதரைக் கொன்றதாக உறுதியான பதிவே இல்லை. அப்படியானால் குற்றம் விலங்கினுடையதா, தொட்டியினுடையதா?

2013ல் 'பிளாக்ஃபிஷ்' ஆவணப்படம் இந்தக் கேள்வியை வீடுவீடாகக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் சீ வேர்ல்டு பங்கு ஒன்றுக்கு 27 டாலர் என்று பங்குச்சந்தைக்கு வந்திருந்தது. 2014 ஆகஸ்டில் ஒரே நாளில் அந்தப் பங்கு சுமார் 33 சதவீதம் சரிந்தது. 2016 மார்ச்சில் 'இனி ஓர்காக்களை இனப்பெருக்கம் செய்ய மாட்டோம்' என்று நிறுவனம் அறிவித்தது. ஐம்பது ஆண்டு கண்ணீரால் நடக்காதது, டிக்கெட் கவுண்டரில் கூட்டம் குறைந்ததும் நடந்தது. தேவை குறைந்தால் அளிப்பு குறையும். முதலாண்டுப் பாடம்தான்!

'இந்தக் காட்சிகள் இல்லாவிட்டால் மக்கள் ஓர்காவை நேசித்திருப்பார்களா?' என்று ஆதரவாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1960களுக்கு முன் அதைக் கண்டாலே சுடும் வழக்கம் இருந்தது. காட்சிகள்தான் அந்தப் பயத்தைப் போக்கின. ஆனால் நேசம் வந்த பிறகும் பூட்டி வைப்பது எந்த நியாயம்? பிரான்சில் 2021ல் இத்தகைய காட்சிகளுக்கு எதிராகச் சட்டம் வந்து, 2025 ஜனவரியில் ஆன்டீப் நகரின் மரைன்லாந்து பூங்கா மூடப்பட்டது. அங்கே மிஞ்சிய இரண்டு ஓர்காக்களை எங்கே அனுப்புவது என்று மாதக்கணக்கில் முடிவாகவில்லை. லாபத்தை எழுதிய கணக்குப் புத்தகத்தில் இந்தச் செலவை யாரும் எழுதவில்லை.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை என்று நினைக்க வேண்டாம். சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1990களின் இறுதியில் 'டால்பின் சிட்டி' வந்தது. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த டால்பின்கள் சில மாதங்களிலேயே இறந்துபோயின. பிறகு கொச்சி, மும்பை என்று பல ஊர்களில் புதிய டால்பின் பூங்காக்களுக்குத் திட்டம் போட்டார்கள். 2013 மே மாதம் மத்திய அரசு அவற்றுக்கு அனுமதி கிடையாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. டால்பின்களை 'மனிதரல்லாத நபர்கள்' என்றே கருத வேண்டும் என்ற அறிஞர்களின் கருத்தையும் அதில் குறிப்பிட்டது. இந்த ஒரு விஷயத்தில் இந்தியா அமெரிக்காவை முந்திக்கொண்டது. பெருமைப்படலாம்.

ஆனால் முழுப் பெருமைக்கு இன்னும் தகுதி வரவில்லை. சிறகு வெட்டப்பட்ட கிளி சீட்டு எடுப்பதை இன்றும் நின்று ரசிக்கிறார்கள். காட்டுக் கிளியைப் பிடித்துக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தக் கிளி ஜோசியக்காரர் பாவம், ஏழை. சீ வேர்ல்டு போலப் பங்குச்சந்தையில் இருப்பவர் அல்ல. அவரைத் திட்டுவது எளிது. அவருக்கு வேறு பிழைப்பு காட்டுவதுதான் அரசும் ஊரும் செய்ய வேண்டிய வேலை. அதுவரை நீட்டுகிற பத்து ரூபாயை யோசித்து நீட்டலாம் அல்லவா?

அடுத்த முறை ஏதாவது விலங்குக் காட்சிக்கு முன் பர்ஸைத் திறக்கும்போது ஒரே ஒரு கேள்வி போதும். கதவைத் திறந்துவிட்டால் அந்த விலங்கு நாளைக்கும் அங்கே வருமா? வராது என்று தோன்றினால் பர்ஸை மூடிவிடுங்கள். அந்தப் பணத்தில் கல்வராயன் மலைக்கு பஸ் ஏறுங்கள். அங்கே பறவைகள் யாருக்கும் சீட்டு எடுப்பதில்லை!