பிராந்தியில் திராட்சை எவ்வளவு?



போன வாரம் ஒரு உறவுக்காரர் வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போனேன். மூன்று மாதப் பிள்ளைக்குச் சளி. பாலாடையில் நாலு சொட்டு பிராந்தி தயாராக இருந்தது. தடுத்தேன். "திராட்சைச் சாறுதானே பெரியப்பா, உடம்புக்குச் சூடு" என்றார்கள். இத்தனை வருடம் வேதியியல் நடத்தி என்ன பயன் என்று இருந்தது.

பிராந்தி என்ற பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. எரித்த ஒயின் என்று பொருள். பிரான்சின் கோன்யாக் பகுதியில் திராட்சை ஒயினைச் செம்புக் கொதிகலனில் இருமுறை வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு ஊறவைத்தால்தான் அந்தப் பெயரையே போடலாம். ஆர்மீனியாவின் யெரெவானில் 1887-இல் தொடங்கிய பிராந்தித் தொழிலுக்கும் திராட்சைதான் மூலப்பொருள்.

நம் ஊரில்? 2018-இன் உணவுப் பாதுகாப்பு விதிகளைப் படியுங்கள். திராட்சை பிராந்தி வெறும் 2 சதவீதம் கலந்திருந்தாலே புட்டியில் 'பிராந்தி' என்று அச்சிடலாம். மீதி வேறு சாராவியாக இருக்கலாம். நம் நாட்டில் அது பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடிப்பது. அந்தக் கணக்கில் 180 மில்லி குவார்ட்டரில் திராட்சையின் பங்கு 4 மில்லிகூட வராது. பொன்னிறத்துக்குக் கேரமல் இருக்கவே இருக்கிறது. முழுக்கத் திராட்சையில் செய்பவர்களும் இங்கே உண்டு. ஆனால் மலிவு விலைப் புட்டியில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

"பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர், பாண்டிச்சேரி பிராந்திக்கு ஈடு உண்டா?" என்று சென்னையிலிருந்து வரும் என் பழைய மாணவர்களே பெருமை பேசுகிறார்கள். தம்பிகளா, பிரெஞ்சு ஆட்சி 1954-இல் போய்விட்டது. சொல்தா வீட்டுத் தாத்தா அலமாரியில் பூட்டி வைத்திருந்த கோன்யாக் வேறு, நீங்கள் பையில் கட்டிக்கொண்டு போவது வேறு. சாராயக் கடை வாசலில் நிற்பவரைப் பார்த்து முகம் சுளிக்கிறீர்களே, அவர் குடிப்பதும் நீங்கள் குடிப்பதும் பெரும்பாலும் ஒரே பாகின் பிள்ளைகள்தான். வித்தியாசம் நிறத்திலும் விலையிலும்.

"அப்படியானால் அசல் கோன்யாக் மருந்துதானே சார்?" என்று கேட்பீர்கள். இல்லை. திராட்சையில் வந்தாலும் கரும்பில் வந்தாலும் எத்தனால் எத்தனால்தான். குடித்ததும் தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு ஏறியதுபோல் தெரிகிறது. உண்மையில் உடம்பு வெப்பத்தை இழக்கிறது. பச்சிளம் குழந்தைக்கோ ரத்தச் சர்க்கரை இறங்கும், மூச்சு மந்தமாகும். உயிருக்கே ஆபத்து.

பாட்டிமார்களை நான் குறை சொல்லவில்லை. புட்டியில் எழுதியிருப்பதை அவர்கள் நம்பினார்கள். திராட்சை எத்தனை சதவீதம் என்று முன்பக்கத்திலேயே, பெரிய எழுத்தில், தமிழிலும் போடச் சொல்ல வேண்டும். அரசுப் பணியில் இருக்கும் என் மாணவர்கள் இதற்கு முயற்சி எடுங்கள்.

பிள்ளைக்குச் சளி என்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இதை வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். மறுப்பு இருந்தால் தாராளமாக எழுதுங்கள். வகுப்பில் கேள்வி கேட்டவர்களை நான் என்றைக்கும் திட்டியதில்லை.