அண்ணாந்து பார்க்கக் கற்றுக்கொடுப்போம்



சென்ற ஆண்டு ஒரு காலைப்பொழுது. ஆண்டு நான்கு, அறிவியல் பாடம். ‘உற்றறிதல் என்பது ஐம்புலன்களைப் பயன்படுத்தித் தகவல் திரட்டுவதாகும்’ என்று வெண்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திடீரெனப் பள்ளிக்கூரையே பெயர்ந்துவிடும்போல் ஓர் இரைச்சல். போர் விமானம் ஒன்று தாழப் பறந்து ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகளை நோக்கி விரைந்தது. மாணவர்கள் சன்னலுக்கு ஓடினர். ஒரு சிறுமி மட்டும் காதுகளைப் பொத்திக்கொண்டு, “ஐயா, சண்டை வந்துருச்சா?” என்று கேட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “ஒன்றுமில்லை, ஏதோ விமானம். எல்லாரும் உட்காருங்கள்” என்று அதட்டினேன். பிறகு உற்றறிதலின் விளக்கத்தை எழுதி முடித்தேன்.

வீடு திரும்பும் வழியில்தான் என் செயல் எனக்கு உறைத்தது. உற்றறிய வேண்டிய பொருள் தலைக்கு மேலேயே வந்தது. அதைப் பார்க்கவிடாமல் தடுத்து, உற்றறிதலைப் பற்றி எழுத வைத்திருக்கிறேன்! அதைவிட வெட்கம், அந்தச் சிறுமிக்குச் சொல்ல உண்மையான விடை என்னிடம் இல்லை. அது என்ன விமானம், எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது.

மறுநாள் மாணவர்களிடமே கேட்டேன்: “நேற்று என்ன பார்த்தீர்கள்?” ஒருவன் வால் இரண்டு என்றான். இன்னொருத்தி, முன்னால் விசிறி இல்லை என்றாள். “வால்கள் நேராக நின்றனவா, சாய்ந்திருந்தனவா?” என்றேன். வெளிப்பக்கமாகச் சாய்ந்திருந்தன என்று மூவர் உறுதியாகச் சொன்னார்கள். நம் அரச மலேசிய விமானப் படையில் இரட்டை வால் கொண்ட போர் விமானங்கள் இரு வகை. சுகோய் 30 விமானத்தின் வால்கள் நிமிர்ந்து நிற்கும். ஹோர்னெட்டின் வால்கள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். 1997இல் வந்த எட்டு ஹோர்னெட்டுகளின் தளம் பினாங்கு மாநிலத்துப் பட்டர்வொர்த். ஆகவே, பயிற்சிக்கு வந்த ஹோர்னெட்டாக இருக்கலாம் என்று மாணவர்களே முடிவுக்கு வந்தனர். உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல் மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்தன. “நம்ம விமானம்தானா ஐயா?” என்று கேட்ட அந்தச் சிறுமியின் முகத்தில் அச்சம் இல்லை.

இது வெறும் பொழுதுபோக்கு என்று கருதுவோர் 1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாளை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று ஜப்பானிய விமானங்கள் அணிவகுத்துப் பினாங்கின் மேல் வந்தபோது, மக்களில் பலர் பதுங்கவில்லை. தெருவில் கூடி நின்று வேடிக்கை பார்த்தனர். குண்டுகள் அந்தக் கூட்டத்தின் மேலேயே விழுந்தன. நகரைக் காக்க விமான எதிர்ப்புப் பீரங்கிகள் இல்லை. போதிய பதுங்குமிடங்களும் இல்லை. அந்தப் பிழை ஆட்சியாளருடையது. ஆயினும், வருவது யாருடைய விமானம் என்று மக்களுக்கும் எவரும் கற்றுத்தந்திருக்கவில்லை. பார்ப்பது வேறு, கண்டறிவது வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமா? அந்த மாத இறுதிக்குள் நம் ஈப்போவும் ஜப்பானியர் வசமாயிற்று.

இதே காலத்தில் பிரிட்டனில் பொதுமக்களே தொண்டர்களாக நின்று விமானங்களை இனங்கண்டு செய்தி அனுப்பினர். அமெரிக்காவில் 1942இல் கடற்படை பள்ளிகளை நாடியது. இனங்காணும் பயிற்சிக்காக ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தரும்படி கேட்டது. மாணவர்கள் மரக்கட்டையைச் செதுக்கிக் கொடுத்தார்கள்.

அவ்வளவு தொலைவு போவானேன்? என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டம் ஒன்றில் நிரை பிடித்து மரம் வெட்டியவர். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் அந்த வட்டாரத்தில்தான் தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டிப் பிறந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. சிங்கப்பூரிலிருந்து லிங்கன் விமானங்கள் வந்து காட்டில் குண்டு வீசின. டகோட்டா விமானங்கள் காட்டிலிருந்த படையினருக்கு உணவு மூட்டைகளைப் போட்டன. ஒலிபெருக்கி கட்டிய விமானங்கள் சரணடையச் சொல்லிப் பேசிக்கொண்டே வட்டமிட்டன. துண்டறிக்கைகளும் கோடிக்கணக்கில் விழுந்தன.

இந்தப் பெயர்களில் ஒன்றும் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் அவர் சொல்வார்: “நாலு எஞ்சின் சத்தம் கேட்டா வயித்தக் கலக்கும். ரெண்டு எஞ்சின்னா அரிசி மூட்டை, பயமில்ல. பால் வாளிய கீழ வைக்க வேணாம்.” லிங்கனுக்கு நான்கு எஞ்சின், டகோட்டாவுக்கு இரண்டு. பள்ளி வாசல் மிதிக்காத ஒரு பெண் செவியால் செய்த வகைப்படுத்துதல் அது. பாட்டி சொன்னதை எழுதி வைக்காமல் விட்டவன் நான். இன்று அவர் இல்லை. 1950இல் பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது எண்பத்தைந்தைக் கடந்துவிட்டார்கள்.

“போர்க்கருவிகளைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவது முறையா?” என்று உடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் வாழ்ந்த நம் தமிழ்க் குழந்தைகள், ‘கிபிர்’ குண்டுவீச்சு விமானத்தையும் ‘வண்டு’ என்று பெயரிட்ட ஆளில்லா வேவு விமானத்தையும் ஓசையைக் கொண்டே பிரித்தறிந்தார்கள். எவரும் அவர்களுக்குப் பாடம் நடத்தவில்லை. பதுங்குகுழி கற்றுத் தந்தது. நம் பிள்ளைகள் அமைதியான வகுப்பறையில் கற்கும் பேறு பெற்றவர்கள். விமானத்தின் பெயரைச் சொல்லும்போதே அது செய்யக்கூடியதையும் சொல்ல வேண்டும். பினாங்குத் தெருவையும் சொல்ல வேண்டும். அறியாமல் வியப்பவன்தான் போரைக் கொண்டாடுவான்.

சரி, எப்படித் தொடங்குவது? நான்கு கேள்விகள் போதும். இறக்கை எங்கே பொருந்தியிருக்கிறது? எஞ்சின் எத்தனை, விசிறி உண்டா? உடல் தடித்ததா, மெலிந்ததா? வால் எத்தகையது? இறக்கை முதுகின்மேல் இருந்து, நான்கு விசிறிகள் சுழன்றால், பெரும்பாலும் சரக்கு விமானம். வாலின் உச்சியில் குறுக்குச் சிறகு இருந்தால் ஏ400எம்; கீழே உடலோடு ஒட்டியிருந்தால் ஹெர்குலிஸ். விசிறியின்றி ஒற்றை வாலோடு சிறிய உடலாக விரைந்தால், அது பட்டர்வொர்த்தின் ஹாக் விமானமாக இருக்கக்கூடும்.

ஒலி ஒரு வினாடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒரு கிலோமீட்டர் தொலைவிலுள்ள விமானத்தின் ஓசை நம்மை வந்தடைய மூன்று வினாடி ஆகும். ஆகவே ஓசை வரும் திசைக்குச் சற்று முன்னே தேடுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். கணிதமும் கூடவே வந்துவிடும்.

யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. ஆனால் விளக்கத்தை மனனம் செய்விக்கும் பழக்கம் நம்மைவிட்டு இன்னும் அகலவில்லை, என்னைவிட்டும்தான். அடுத்த முறை கூரைக்கு மேல் இரைச்சல் கேட்டால், ஆசிரியர்களே, எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சன்னலுக்கு வாருங்கள். பெற்றோர்களே, அன்று மாலை பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் அனுப்பி, “உங்கள் காலத்தில் எந்த விமானம் வந்தது?” என்று கேட்கச் சொல்லுங்கள். கையில் ஒரு குறிப்பேடும் கொடுத்து அனுப்புங்கள். நான் தவறவிட்டதை அவர்களாவது எழுதி வைக்கட்டும்.