கடலைப் பார்க்காத டைவிங் வாட்ச்

நேரா மேட்டருக்கு வந்துடறேன். பத்து லட்ச ரூபாய் டைவிங் வாட்ச்சைக் கட்டிக்கிட்டு கடலுக்குள்ள குதிக்கிறவனை "திமிர் பிடிச்சவன்"னு சொல்றாங்களே, அவங்களுக்கு எதிரான பதிவு இது. அதே வாட்ச்சை வாங்கிட்டு, கை கழுவும்போது கூட கழட்டி வெச்சுட்டு, "நம்மகிட்ட சப்மரைனர் இருக்கு"ன்னு சொல்லித் திரியறாங்களே, அவங்களுக்கும் எதிரான பதிவுதான். பார்க்க ரெண்டும் எதிரெதிர் கட்சி மாதிரி தெரியும். ஆனா ரெண்டு பேரோட கொள்கையும் ஒண்ணுதான்: விலை அதிகமான பொருள் வேலை செய்யக் கூடாது. இந்தக் கொள்கைதான் எனக்கு ஆகாது.

நம்ம பொட்டி தட்டுற கூட்டத்துல இப்ப ஸ்கூபா ஒரு ஃபேஷன். மூணு நாள் லீவு சேர்ந்தாப்புல கெடைச்சா புதுச்சேரி. போனஸ் வந்தா அந்தமான்ல ஸ்வராஜ் தீவு (2018 வரைக்கும் ஹேவ்லாக்). இன்னொரு ஃபேஷன் ஸ்விஸ் வாட்ச். ரெண்டும் ஒரே ஆள்கிட்ட சேர்ந்தா என்ன நடக்குது? டைவிங் வாட்ச் ஓட்டல் ரூம் லாக்கர்ல பத்திரமா தூங்கும். ஆள் மட்டும் கடலுக்குள்ள போவார். 2021 பிப்ரவரியில நீலாங்கரை பக்கம் 60 அடி ஆழத்துல ஒரு ஜோடி கல்யாணமே பண்ணிக்கிட்டாங்க, ஞாபகம் இருக்கா? மாப்பிள்ளை வேட்டி, பொண்ணு புடவை. புடவையே கடலுக்குள்ள போயிட்டு வந்துடுச்சு. கடலுக்குன்னே செஞ்ச வாட்ச்சுக்கு மட்டும் தண்ணின்னா அப்படி என்ன பயம்?

இதை யார், எதுக்காக செஞ்சாங்கன்னு பார்ப்போம். 1950கள்ல பிளாங்பேன் கம்பெனியை நடத்துன ஃபீக்டர் சும்மா சீட்டுல உக்காந்திருந்த முதலாளி இல்லை, கடல்ல மூழ்கப் பழகினவர். ஒரு தடவை கீழே நேரம் போனதே தெரியாம சிலிண்டர்ல காத்து தீர்ந்து, தப்பிச்சோம் பிழைச்சோம்னு மேல வந்தவர். அதே சமயத்துல பிரெஞ்சுக் கடற்படை வீரர்களும் தண்ணிக்குள்ள நம்பிக் கட்டிக்கிட்டுப் போக ஒரு வாட்ச் தேடிட்டு இருந்தாங்க. 1953ல வந்தது 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்'. நம்ம மீனவர் கணக்குல சொன்னா ஐம்பது பாகம், அதாவது சுமார் 91 மீட்டர். ரோலெக்ஸ் சப்மரைனர் பிறந்ததும் அதே வருஷம்தான்.

டயலைச் சுத்தி பல்லு பல்லா ஒரு வளையம் இருக்கே, அது அழகுக்கு இல்லைங்க. தண்ணியில இறங்கும்போது அதுல இருக்கிற முக்கோணக் குறியை நிமிஷ முள்ளுக்கு நேரா திருப்பி வெச்சுட்டா, எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு கணக்கே போடாம படிச்சுக்கலாம். இன்னைய டைவிங் வாட்ச்ல அந்த வளையம் ஒரு பக்கம்தான் திரும்பும். ஏன்? கீழே பாறையில இடிச்சு அது நகர்ந்துட்டா, ஆன நேரத்தை விட அதிகமாத்தான் காட்டும், குறைச்சுக் காட்டாது. நீங்க சீக்கிரமா மேல வந்துடுவீங்க, அவ்வளவுதான். தப்பு நடந்தாலும் உசுருக்கு சேதம் இல்லாத பக்கமாவே நடக்கட்டும்னு யோசிச்சிருக்கான் பாருங்க, அவன்தான் இன்ஜினியர். நாம எழுதுற கோடுல இந்த யோசனை எத்தனை இடத்துல இருக்குன்னு நெஞ்சைத் தொட்டு சொல்லுங்க :-)

இன்னொரு கதை. 1968ல ஜப்பான்ல கடலுக்கடியில வேலை பார்க்கிற ஒரு தொழிலாளி சீக்கோ கம்பெனிக்குக் கடிதம் போட்டார். உங்க வாட்ச் எங்க வேலைக்குத் தாங்கலைன்னு புகார். அவங்க அதை எடுத்து உக்காந்து, 1975ல 600 மீட்டர் தாங்குற டைட்டானியம் வாட்ச்சைக் கொண்டு வந்தாங்க. ஒரு தொழிலாளியோட கைமணிக்கட்டுல ஆரம்பிச்ச கதை இது. இன்னைக்கு அது வெல்வெட் பெட்டியில வந்து முடிஞ்சிருக்கு.

ஐ.எஸ்.ஓ 6425னு டைவிங் வாட்ச்சுக்குத் தனியா ஒரு தர நிர்ணயம் இருக்கு. குறைஞ்சது 100 மீட்டர் தாங்கணும். இருட்டுல 25 செ.மீ. தள்ளிப் பார்த்தாலும் நேரம் தெரியணும். போட்டிருக்கிற ஆழத்தை விட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்துல சோதிக்கணும். அதுவும் மாதிரிக்கு நாலு எடுத்துப் பார்க்கிற கதை இல்லை, ஒவ்வொரு வாட்ச்சையும். பொழுதுபோக்குக்கு மூழ்குற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு அதிகபட்சமே 40 மீட்டர். ஆரம்ப நிலை சான்றிதழ்னா 18 மீட்டர்தான். 300 மீட்டர் வாட்ச்சுக்கு நம்ம டைவ் எல்லாம் கால் நனைக்கிற மாதிரி.

சரி, வழக்கமா வர்ற ஆட்சேபணைகளைப் பார்த்துடுவோம்.

"இப்பதான் டைவ் கம்ப்யூட்டர் இருக்கே?" இருக்கு. அது இல்லாம இறங்கவே கூடாது. ஆழம், நேரம், உடம்புல எவ்வளவு நைட்ரஜன் சேருதுன்னு எல்லாத்தையும் அது கணக்கு வெச்சுக்கும். எந்த ரோலெக்ஸும் அந்த வேலையைச் செய்யாது. பத்து லட்சத்துக்கு வாட்ச் வாங்கிட்டேன், கம்ப்யூட்டர் வேணாம்னு எவனாவது சொன்னா அவன் பக்கத்துல கூட இறங்காதீங்க. ஆனா கம்ப்யூட்டர் பாட்டரியில ஓடுறது. பாதியில அது மண்டையைப் போட்டா, டைவை முடிச்சுக்கிட்டு மெதுவா மேல வரணும், அஞ்சு மீட்டர்ல மூணு நிமிஷம் நிக்கணும். அந்த மூணு நிமிஷத்தை எதை வெச்சு எண்ணுவீங்க? பயந்தவனோட மனசுக்குள்ள ஒரு நிமிஷம் இருபது செகண்டுல முடிஞ்சுடும். மன்னார் வளைகுடாவுல முத்துக் குளிச்சவங்க கைல வாட்ச் இல்லை, ஆனா தோணியில கயித்தைப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் இருந்தார். நமக்கு அப்படி யாரும் இல்லை. சர்வருக்கு பேக்கப் வேணும்னு மீட்டிங் போட்டுப் பேசறவங்களுக்கு உசுருக்கு பேக்கப் வேணாமா?

"எல்லாம் சீன் போடறதுதான்." யாருக்குங்க சீன்? கொஞ்ச ஆழம் போனாலே சிவப்பு நிறம் செத்துடும். எல்லாமே நீலமும் சாம்பலுமா இருக்கும். பக்கத்துல வர்றவர் அவரோட காத்து அளவைப் பார்ப்பாரா, உங்க வாட்ச் பிராண்டைப் பார்ப்பாரா? சீன் போடற இடம் கல்யாண மண்டபம். அங்க முழுக்கையை மடிச்சு விட்டுக்கிட்டு நிக்கிறது கௌரவம், கடல்ல கட்டினா திமிரா? நம்ம ஊர்ல வாட்ச் பேச்சுன்னாலே விலையில ஆரம்பிச்சு பில்லுலதான் முடியும். 2022 டிசம்பர்ல அண்ணாமலையோட ரஃபேல் வாட்ச் விவகாரம் வந்தப்போ மாசக்கணக்கா தமிழ்நாடே பில் பத்தித்தான் பேசுச்சு. அரசியல்ல அந்தக் கேள்விக்கு அர்த்தம் இருக்கு. ஆனா நம்ம வீட்டுலயும் ஒரு பொருளைப் பத்திக் கேட்க விலையைத் தவிர வேற கேள்வியே இல்லாமப் போச்சே, அதுதான் வருத்தம்.

"கீறல் விழுந்தா ரீசேல் வேல்யூ போயிடும்." ஆங், இதுதான் உண்மையான காரணம். மத்ததெல்லாம் சாக்கு. கண்ணாடி மேல ஒட்டின பிளாஸ்டிக் தாளைக் கூட உரிக்காம வெச்சிருக்காங்க. டிவி ரிமோட்டுக்கு பாலிதீன் கவர் போட்ட பரம்பரை இல்லையா நாம! அடுத்து வாங்கப் போறவனுக்காக இன்னைக்கு நீங்க வாட்ச்மேன் வேலை பார்க்கறீங்க, சம்பளமே இல்லாம. முதலீடுதான் நோக்கம்னா ஃபிக்ஸட் டெபாசிட் போடுங்க, தங்கம் வாங்குங்க. 2022 ஆரம்பத்துல உச்சத்துக்குப் போன செகண்ட் ஹேண்ட் வாட்ச் விலை அந்த வருஷமே சரிய ஆரம்பிச்சதையும் மறந்துடாதீங்க.

"தொலைஞ்சு போயிட்டா?" நியாயமான பயம். பட்டையைப் பிடிச்சிருக்கிற சின்ன ஊசி உடைஞ்சா வாட்ச் கடலுக்குத்தான். அதுக்கு ஒத்தைத் துண்டா வர்ற நைலான் பட்டை இருக்கு. ரெண்டு ஊசிக்கு அடியிலயும் நுழைஞ்சு போகும். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு பிடிச்சுக்கும். அதுவும் பயமா இருந்தா சீக்கோ, சிட்டிசன்ல இதே தரச் சான்று உள்ள டைவிங் வாட்ச் சில பத்தாயிரத்துல கிடைக்குது, அதை வாங்குங்க. தொலைஞ்சா தாங்க முடியாத விலையில ஒரு வேலைக்கருவியை வாங்கினா, அது கருவி இல்லை. நீங்கதான் அதுக்கு வேலைக்காரன்.

இதுல எனக்கு எங்கேர்ந்து இவ்வளவு கோவம் வருதுன்னு கேட்டா, எங்க ஊர் சேவூர்ங்க. ஆரணி பக்கம், பட்டு நெசவு ஊர். சாயம், பாவு, தறின்னு பல கை பட்டு, வாரக்கணக்குல உக்காந்து ஒரு புடவை இறங்குது. அது முகூர்த்தத்துல ரெண்டு மணி நேரம் உடம்புல இருக்கும். அப்புறம் பீரோ. சரிகை கறுத்துடும்னு பயம், கறை பட்டுடும்னு பயம். ஆனா எங்க ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க: பிரிக்காம ஒரே மடிப்புல வருஷக்கணக்கா வெச்ச பட்டு, அந்த மடிப்புலயே இத்துக் கிழியும். பத்திரம்தான் அதைக் கொல்லுது. வாட்ச்சும் அப்படித்தான். உள்ளே தண்ணி போகாம தடுக்கிற ரப்பர் வளையம் பெட்டிக்குள்ள சும்மா இருந்தாலும் வருஷம் போகப் போக காய்ஞ்சு போகும், எண்ணெய் இறுகும். பூட்டி வெச்சா புதுசாவே இருக்கும்கிறது ரெண்டுக்குமே பொய்.

அதை விடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. பட்டு உடுத்துற துணியா இல்லாம பீரோ சொத்தா ஆனதால, தறி முகூர்த்த சீசனை நம்பியே ஓடுது. 2020ல கல்யாணங்கள் சுருங்கினதும் தறிகள் நின்னு போச்சு. பயன்பாடு இல்லாத பொருளுக்கு விலை இருக்கலாம், ஆனா அதைச் செய்யறவனுக்கு நிம்மதி இருக்காது. நேத்து கட்டின புடவையில இந்த ஓரம் உறுத்துதுன்னு ஒருத்தி வந்து சொன்னாத்தானே நெசவாளி அடுத்த புடவையை மாத்தி நெய்வார்? அந்த ஜப்பான் தொழிலாளி வாட்ச்சை லாக்கர்ல வெச்சிருந்தா அந்தக் கடிதம் வந்திருக்குமா?

"நெசவாளி ஊர்ல பொறந்துட்டு பத்து லட்ச வாட்ச்சுக்கு வக்காலத்தா?"ன்னு தோழர்கள் கேட்கலாம். வாங்கறதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. பத்து லட்சத்துல செய்ய எவ்வளவோ இருக்கு. வாங்கித் தொலைச்சவன் அதை என்ன செய்யணும்கிறதுதான் என் பேச்சு.

கட்டிக்கிட்டுப் போறவங்களுக்கு மூணு விஷயம். சாவி கொடுக்கிற குமிழ் திருகி இறுக்கியிருக்கான்னு தண்ணிக்கு முன்னாடியே பாருங்க, தண்ணிக்குள்ள அதைத் தொடவே தொடாதீங்க. டைவிங் சீசனுக்கு முன்னாடி ஒரு தடவை அழுத்தச் சோதனை பண்ணிடுங்க. வெளியில வந்ததும் நல்ல தண்ணியில அலசுங்க, உப்புதான் எமன். இன்னொண்ணு: சாதா வாட்ச்ல '30 மீட்டர்'னு போட்டிருந்தா 30 மீட்டர் மூழ்கலாம்னு அர்த்தம் இல்லை. மழைத்துளி, கை கழுவுறது, அவ்வளவுதான் அதோட தைரியம்.

கீறல் விழட்டும்ங்க. அது எந்தக் கடல்ல, எந்தப் பாறையில விழுந்ததுன்னு சொல்ல உங்ககிட்ட ஒரு கதை இருக்கும். லாக்கர்ல இருக்கிற வாட்ச்சுக்கு சொல்ல இருக்கிறது விலை மட்டும்தான்.

டிஸ்கி: "முதல்ல நீ ஒரு சப்மரைனர் வாங்கிட்டுப் பேசு"ன்னு பின்னூட்டம் போடப் போறவங்களுக்கு: சம்பளப் பட்டியல் அனுப்பி வைக்கிறேன், பார்த்துட்டு நீங்களே வாங்கிக் கொடுங்க. கடலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன் :-)